சென்சாருக்கு வைத்த சந்தனம்

என் கணவர் புனேயை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் போசரியில் ஒரு பொறியியல் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள். பொருளைச் செய்வது அவர் பிழைப்பு, செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அவர் ஆசையாகப் புடவை வாங்கிவந்தால் நான் முதலில் கரையைப் பிரித்து எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பார்ப்பேன். "நொட்ட சொல்றதுக்கே சம்பளம் குடுக்கறான் பாரு இவளுக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும்.

அந்த மனிதர் பணி ஓய்வு பெற்ற கையோடு, ஆர்க்கிட் வளர்க்கப் போகிறேன் என்றார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆர்க்கிட் தொட்டி. கூட வேலை பார்த்த ஒருவர் அசாம் பக்கம் மாற்றலாகிப் போய்த் திரும்பியபோது கொடுத்தது. அதில் மண்ணே கிடையாது, கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான். குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஒரு வருடம் திடீரென்று தண்டு விட்டு, ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து, வாரக்கணக்கில் வாடாமல் நின்றது. அவர் தினமும் ஷிப்டுக்குப் போகும்முன் அதன் எதிரில் நின்றுதான் டீ குடிப்பார். என் எதிரில் நின்று அப்படி டீ குடித்ததில்லை என்று நான் சொன்னதுண்டு.

உறவுக்காரர்கள் விடுவார்களா? கட்கியிலும் கோர்படியிலும் எங்கள் தமிழ் ஜனங்களுக்கு நாலு தலைமுறையாகத் தெரிந்தது தொழிற்சாலை, ரயில்வே, பட்டாளம். ரிட்டயர் ஆனால் ஊரில் ஒரு வீடு கட்டுவார்கள், இல்லையென்றால் பெண்ணுக்கு நகை போடுவார்கள். "குண்டு செஞ்ச கையால பூ செய்யப் போறாராம்" என்று என் கொழுந்தனாரே கல்யாண வீட்டில் வைத்துக் கேலி செய்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் தோன்றியது. அதனால் கோபம் இரட்டிப்பாகியது.

நான் எதிர்த்தேன், நன்றாகவே எதிர்த்தேன். கடைசியில் விட்டுக்கொடுத்தது ஒரே காரணத்துக்காகத்தான். அத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான்.

தளேகாவ் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்தோம். பாலித்தீன் கூரையும் நிழல்வலையும் போட்ட பெரிய கொட்டகை, அங்கே எல்லாரும் பாலிஹவுஸ் என்பார்கள். அவருடைய ஓய்வூதியப் பணம் முழுக்க அதில் போயிற்று. போதாததற்கு வங்கிக் கடன். அதை இரண்டு பாகமாகத் தருவதாகப் பேச்சு. முதல் பாகத்தில் முதல் கொட்டகை எழும்பும். வங்கியின் மதிப்பீட்டு அதிகாரி வந்து பார்த்து, இது தேறும் என்று எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாம் பாகமும் இரண்டாவது கொட்டகையும். ஒற்றைக் கொட்டகையில் வரும் பூ, மின்சாரத்துக்கும் கூலிக்கும் தவணைக்கும் காணாது. இது முதலிலேயே தெரிந்த கணக்கு. ஆகவே வங்கி தலையை ஆட்டினால் பிழைப்போம், ஆட்டாவிட்டால் உள்ளதை விற்றுவிட்டு, அவர் ஆயுசு பூராவும் சேர்த்ததற்கு முழுக்குப் போட்டுவிட்டு, கொழுந்தனார் வாயில் விழ வேண்டியதுதான்.

எனக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. போசரி ஆலைகள் பலவற்றில் அன்றுதான் மின்சாரம் இருக்காது. ஆகவே வியாழன்தோறும் கட்கியில் காலை லோக்கல் ரயிலைப் பிடித்து அவரோடு தளேகாவ் போய்விடுவேன். மற்ற நாட்களில் அவர் தனியாகப் போவார். உள்ளூர்ப் பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள்.

கொட்டகைக்குள் காற்றையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு தானியங்கி அமைப்பு. இதை விற்ற கம்பெனியின் ஆலோசகர் ஓர் இளைஞர், மராட்டியர், படித்தவர், நல்ல சட்டை, நல்ல பேச்சு. கொட்டகையை நடுவில் ஒரு திரை போட்டு இரண்டு பாகமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சென்சார். காற்றில் ஈரம் குறைந்தால் சென்சார் கன்ட்ரோலருக்குச் சொல்லும், கன்ட்ரோலர் மேலே இருக்கும் ஃபாகர்களைத் திறந்துவிடும், அவை பனிபோல நீரைத் தூவும். ஈரம் ஏறியதும் தானே நிற்கும். எல்லாம் கைபேசியில் தெரியும்.

என் கணவர் அந்தக் கன்ட்ரோலர் பெட்டியைப் பார்த்த பார்வையை, அவர் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "இந்த சென்சார் சரியாச் சொல்லுதான்னு சோதிக்கிறது எது?" ஆலையில் எங்கள் முதல் பாடமே அது. அளக்கும் கருவியை இன்னொன்றால் அளந்து பார்க்காமல் அதன் பேச்சை நம்பக் கூடாது. ஆலோசகர் பணிவாகச் சிரித்தார். "மேடம், சிஸ்டம் பே பரோசா ரக்கியே" என்றார். சிஸ்டத்தை நம்ப வேண்டுமாம். என் கணவரோ, "ஆரம்பிச்சிட்டியா உன் நொட்டைய?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்குச் சுலபமான காரியமில்லை.

செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. பூக்கும் வயதும் வந்தது. அந்த வருட மழைக்காலத்தில்தான் சனி பிடித்தது. இலையின் அடியில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி தெரியும். அடுத்த வியாழக்கிழமை போனால் அந்த இலையே பழுப்பாகக் குழைந்து தொங்கும். தொட்டால் கையோடு வரும், நாற்றம் குமட்டும். அழுகல். பூந்தண்டு விடவேண்டிய செடிகள் தண்டை நீட்டுவதும் மொட்டிலேயே கருகிக் கொட்டுவதுமாக இருந்தன. மருந்து அடித்தார், அழுகிய செடிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தினார். மழை நின்றால் சரியாகிவிடும் என்றார். மழையும் நின்றது, அழுகல் நிற்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஆலோசகர் வந்து பார்த்தார். அமைப்பில் குறை இல்லை, அமைப்பு போதவில்லை என்றார். குளிரூட்டும் சுவர் ஒன்று வேண்டும், இன்னும் நாலு சென்சார் வேண்டும், மாதச் சந்தா கட்டினால் அவர்கள் அலுவலகத்திலிருந்தே கண்காணிப்பார்கள். இரண்டாவது கொட்டகைக்கான திட்டத்திலேயே இதையும் சேர்த்து வங்கியில் கேட்டுவிடலாம் என்று யோசனையும் சொன்னார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மூழ்குகிறவருக்கு எந்தக் கையானால் என்ன?

அந்த நாட்களில் அவர் லோக்கலில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் தொட்டிப் பக்கமே பார்க்கமாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பணம் போனால் போகட்டும், இந்த மனிதர் போய்விடுவாரோ என்று பயந்தேன். தீபாவளி கழிந்து சில வாரங்களில் அதிகாரி வருவதாக வங்கியிலிருந்து தகவலும் வந்துவிட்டது.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

கட்கித் தமிழர்களுக்கு ஆயுத பூஜை என்பது பொங்கலைவிடப் பெரிய பண்டிகை. லேத், டிரில்லிங் மெஷின், தராசு, சைக்கிள், டெம்போ என்று உழைக்கிற எதுவும் பாக்கி இருக்காது. துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைப்பார்கள். பொரியை நாங்கள் குர்முரா என்போம், செண்டுமல்லியை ஜெண்டு என்போம், அதனால் சரஸ்வதி கோபித்துக்கொண்டதில்லை. மராட்டியர்களுக்கும் அதே நாளில் ஆயுதங்களுக்குப் பூஜை உண்டு. ஆகவே வேலைக்கு வரும் பெண்களும் குளித்து முழுகி வந்துவிட்டார்கள்.

என் கணவர் எதிலும் அரைகுறையாகச் செய்யமாட்டார். வெடிமருந்து ஆலையில் அவர் பிரிவில் பூஜைப் பொறுப்பு எப்போதும் அவருக்குத்தான். பித்தளைக் கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு மோட்டார், பம்ப், மருந்தடிக்கும் டேங்க், கத்தரி, கன்ட்ரோலர் என்று வரிசையாக வந்தார். கஷ்ட காலம் அல்லவா, பக்தி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பு அப்பென்று அப்பினார். கிழக்குப் பாகத்து சென்சாருக்கும் அப்படியே. மேற்குப் பாகத்துக்கு வருவதற்குள் கிண்ணம் காலி. அங்கிருந்த சென்சாருக்குக் குங்குமம் மட்டும் மூடியின் மேல் ஒரு பொட்டு. பூசணிக்காயை வாசலில் உடைத்துவிட்டு, எல்லா மெஷினையும் திரும்ப ஓடவிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வியாழன் எனக்கு ஆலையில் ஆடிட், போக முடியவில்லை. அதற்கடுத்த வியாழன் போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. மேற்குப் பக்கம் வழக்கம்போல ஃபாகர் சீறிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் சத்தமே இல்லை.

"இது ஏன் ஓடல?" என்று கேட்டேன்.

"பூஜ போட்டதுலருந்து இந்தப் பக்கம் அமைதியாயிடுச்சுமே. ஃபாகர் பந்த். நல்லாதான கீது, வுடு" என்றார். அவர் குரலில் ஒரு திருப்திகூட இருந்தது. அம்மன் இறங்கி ஈரத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல. வெயில் நேரத்தில் மட்டும் வெக்கை தாங்காமல் தானே குழாயைப் பிடித்துத் தரையை நனைத்துவிட்டாராம்.

கைபேசியில் பார்த்தால் கிழக்குப் பக்கத்து ஈரம் ஏறக்குறைய உச்சத்தில் நின்றது, ஆடவில்லை, அசையவில்லை. அக்டோபர் வெயில் கூரையைப் பொத்துக்கொண்டு அடிக்கிறது, என் உதடு காய்கிறது, சென்சார் மழைக்காலம் என்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. அத்தனை நாள் யாரும் பதில் சொல்லாத என் கேள்விக்கு நானே பதில் தேடுகிற நேரம் வந்துவிட்டது.

தளேகாவ் கடைத்தெருவில் சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிவந்தேன். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றினேன், மற்றதைச் சும்மா விட்டேன். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணியுள்ளது நன்றாக இறங்கும், ஈரமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். ஆலையில் ஏசி அறையைச் சோதிக்க நாங்கள் செய்கிற வேலைதான். ஈரத்துணித் தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கியது. சென்சார் பொய் சொல்கிறது என்பது நிச்சயமாகிவிட்டது.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சென்சாரின் முனையில் காற்று நுழைவதற்குச் சல்லடைபோல் ஒரு மூடி உண்டு. அதன் மேல் இடுக்குவிடாமல் சந்தனம். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்கும்போது அது நனையும், நாள் முழுக்க ஈரம் விடாது. சந்தனத்தின் ஈரத்தைத்தான் அந்த சென்சார் இத்தனை நாளாகக் கொட்டகையின் ஈரமென்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டூலில் நின்றபடியே சிரித்தேன். வேலைக்கு வந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் என் கணவரின் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ, நானே குடி கெடுத்துக்கினேனா? துணி குடு, தொடச்சிடறேன்."

"கைய வெக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். "மொதல்ல செடியப் பாக்கலாம்."

கிழக்குப் பக்கம் முழுக்க நடந்தேன். புதிதாக ஒரு தண்ணீர்ப் புள்ளி இல்லை. பழைய அழுகல் காய்ந்து காகிதம்போல ஓரத்தில் நின்றுவிட்டிருந்தது. தொட்டிகளின் மேல் வேர்கள் வெள்ளையாகப் படர்ந்து, முனையில் பச்சைத் துளிர் காட்டின. மேற்குப் பக்கம் போனேன். அதே நாற்றம், அதே குழைவு. ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கிய செடி, ஒரே தண்ணீர், ஒரே உரம், ஒரே கூரை. வித்தியாசம் ஒரு கிண்ணம் சந்தனம்தான். என் வேலைக் காலத்தில் இவ்வளவு சுத்தமான சோதனையை எந்த இன்ஜினியரும் எனக்கு ஏற்பாடு செய்துகொடுத்ததில்லை.

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு விடியும் முன்னரே கிளம்பி முதல் லோக்கலில் போனேன். மேற்குப் பக்கத்தில் எல்லா இலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் இலைகள் உலர்ந்திருந்தன. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஈரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கம்பெனி கன்ட்ரோலரில் வைத்த எண் பகலுக்கும் இரவுக்கும் ஒன்றே. புனேயில் மழை நின்றபின் ராத்திரி சில்லென்று ஆகிவிடும். காற்று நகராத கொட்டகையில் அந்தச் சில்லிப்போடு ஃபாகரும் சேர்ந்து, செடிகள் ராத்திரி முழுக்க நனைந்தபடியே நின்றிருக்கின்றன. நாம் ஈரத் துணியோடு படுத்தால் நமக்குச் சளி பிடிக்காதா? மெஷின் மேல் குற்றமே இல்லை. சொன்னதைச் செய்தது. சொன்னவர்கள்தான் புனேயைப் பார்த்துச் சொல்லவில்லை.

என் கணவர் கிழக்குப் பக்கம்போல மேற்குப் பக்கத்தையும் உடனே மாற்றிவிடலாம் என்று துடித்தார். நான் விடவில்லை. ஒரு முறை நடந்தது தற்செயல். இரண்டாம் முறையும் நடந்தால்தான் நாலு பேரிடம் சொல்லலாம். சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்து, சென்சாரைத் தெர்மாமீட்டரோடு ஒத்துப்பார்த்து, கிழக்குப் பாகத்தில் பகலில் மட்டும் ஃபாகர், பொழுது சாய்ந்தால் நிறுத்தம், பக்கத் திரைகளைக் கொஞ்சம் தூக்கிவிடுவது என்று வைத்தேன். மேற்குப் பாகம் கம்பெனி எண்ணிலேயே இருக்கட்டும் என்றேன். கிழக்கில் தேறிய சில தொட்டிகளை வெள்ளை நூல் கட்டி மேற்கே கொண்டுபோய் வைத்தேன். மேற்கில் வாடிய சிலவற்றை அதேபோலக் கட்டிக் கிழக்கே வைத்தேன்.

அன்றுதான் எங்களுக்குள் பெரிய சண்டை.

"நல்லாகீற செடியக் கொண்டும்போய் சாகக் குடுக்கறியே, நீ மனுஷிதானா?"

"வங்கிக்காரங்க வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க? சாமி வந்து காப்பாத்துச்சுன்னா?"

"ஆமா. சொல்லுவேன்."

"சொன்னா பிரசாதம் வாங்கிக்கினு போவாங்க. கடன் தரமாட்டாங்க."

திரும்பும்போது அவர் லோக்கலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். எனக்கும் வீம்பு, கூப்பிடவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வெள்ளை நூல் தொட்டிகளை அவர்தான் தினமும் போய்ப் பார்த்தார் என்று வேலைக்காரப் பெண்கள் சொன்னார்கள். தீபாவளிக்குப் பிந்தைய வியாழக்கிழமை நான் போனபோது வாசலிலேயே நின்றிருந்தார்.

"மேக்கால போனது அழுவிப் போச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கெழக்கால வந்தது துளிர்க்குது" என்றார். அவர் என்னிடம் தோற்றதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றே மேற்குப் பாகத்தையும் மாற்றினோம். கிழக்குப் பாகத்தில் பூந்தண்டுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்ட ஆரம்பித்தன.

வங்கி அதிகாரி வந்த நாளில் அவை வரிசையாகப் பூத்திருந்தன. அதிகாரி ஒரு பெண், நாற்பதுக்குள் இருக்கும், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கள் பேச்சைக் கேட்டதும், "நீங்க தமிழுங்களா? நான் கோயமுத்தூருங்க்கா" என்றார். தப்பித்தோம் என்று என் கணவர் என்னைப் பார்த்தார். ஆனால் அந்தப் பெண் 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே தோலை உரித்துவிட்டார். மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்கள், ஏப்ரலில் என்ன செய்வீர்கள், வேலைக்கு ஆள் வராவிட்டால் என்ன, விலை பாதியாக விழுந்தால் என்ன என்று கேள்வி மேல் கேள்வி. கம்பெனி ஆலோசகரும் வந்திருந்தார். இரண்டாவது கொட்டகைக்கான அவருடைய பெரிய திட்டம் அதிகாரி கையில் இருந்தது.

மேற்குப் பாகத்தைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் இறுகியது. "இந்தப் பக்கம் ஏனுங்க இப்படி?"

என் கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். சந்தனத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மாமீட்டரைக் காட்டினேன், இரு பக்கமும் அழைத்துப்போய் வெள்ளை நூல் கட்டிய தொட்டிகளைக் காட்டினேன். அவர் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆலோசகரிடம் இந்தியில், இரவும் பகலும் ஒரே எண் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். அந்த இளைஞர் மறைக்கவில்லை. கடற்கரையோரத்தில் இரவெல்லாம் விசிறி ஓடுகிற இடங்களில் நன்றாக வந்த எண்ணையே எல்லா இடத்திலும் வைத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் அப்போதுதான் மரியாதை வந்தது.

"அக்கா, அவங்க கேட்டிருக்கற குளிரூட்டற சுவரு, சந்தா இதெல்லாம் உங்களுக்கு வேணுமுங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "கன்ட்ரோலர் வேணும். ஏப்ரல் வெயில்ல அது இல்லாட்டி முடியாது. காத்து நகர்றதுக்கு விசிறி வேணும். மழைத்தண்ணி சேக்கத் தொட்டி வேணும். சுவரும் சந்தாவும் இப்ப வேணாம். கையால ஒரு கோடை செஞ்சு பாத்து, எங்க பத்தலைன்னு தெரிஞ்சப்புறம் அதுக்குத் தகுந்த மெஷின வாங்கறோம். தெரியாம வாங்கினா அது நம்மள வேலை வாங்கும்."

அதிகாரி பூத்த வரிசையையும் அழுகிய வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் என் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போது எனக்கே தெரியாது, பிறகு அந்தப் பெண்தான் சொல்லிச் சிரித்தார்.

"கடன் கேக்கறவங்க எல்லாருமே மெஷின் கூட வேணும்னுதானுங்க கேப்பாங்க. கொறைச்சுக் கேட்டவங்கள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு, "ஆனா இந்தச் சந்தனத்த நான் ரிப்போர்ட்டுல எப்படிங்க எழுதறது?"

"கருவி பழுது, சோதனையில கண்டுபிடிச்சதுன்னு எழுதுங்க" என்றேன்.

அப்படித்தான் எழுதினாரோ வேறு எப்படி எழுதினாரோ, சில வாரங்களில் வங்கி தலையை ஆட்டியது. தகவல் வந்த அன்று நான் ஆலையில் இருந்தேன். என் கணவர் அதற்கு முன் ஒருபோதும் என் ஆலை வாசலுக்கு வந்ததில்லை. அன்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட் பக்கத்தில் கையில் ஒரு கொத்து ஆர்க்கிட்டோடு நிற்கிறார். போசரி முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமும் கர்வமும் தாங்கவில்லை. ஷேர் ரிக்ஷாவில் அந்தக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி வீடு வந்தேன்.

ஏப்ரலில் ஃபாகர்கள் பகல் பூராவும் ஓடின. கன்ட்ரோலர் தன் சம்பளத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. வழக்கமாக அந்த வெயிலில் பூ குறையும், எங்களுக்குக் குறையவில்லை. கல்யாண சீசனில் குல்டேக்டி பூ மார்க்கெட்டுக்கு எங்கள் பெட்டிகள் போயின. ஆலோசகர் போன் செய்து என் பகல்-இரவு எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார், இந்தப் பக்கம் அவர் வைக்கும் எல்லா இடத்திலும் இப்போது அதைத்தான் வைக்கிறாராம். கொழுந்தனார் தன் மகள் கல்யாண மேடைக்கு எங்களிடமே பூ எடுத்தார். நான் தள்ளுபடி தரவில்லை.

மறு ஆயுத பூஜைக்கு இரண்டு கொட்டகைகள் இருந்தன. நான் காலையிலேயே எல்லா சென்சாருக்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். என் கணவர் அதே பித்தளைக் கிண்ணத்தோடு வந்தார். மோட்டார், பம்ப், விசிறி, கத்தரி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். சென்சார் பக்கம் வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கடந்து போனார். எல்லாரும் சிரித்தார்கள்.

கற்பூரம் காட்டப் போகிறார் என்று நினைத்துத் தட்டை எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. வேலைக்காரப் பெண்கள், கம்பெனி இளைஞர், பூ வாங்க வந்த வியாபாரி எல்லார் முன்னாலும் என் எதிரில் வந்து நின்றார்.

"ஒண்ணு பாக்கி கீது" என்று சொல்லி, கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். "இதுதான் நம்ம கொட்டாய்ல பொய் சொல்லாத மீட்டரு."

சந்தனம் ரொம்ப அதிகம். மூக்கு வரை வழிந்தது. நான் அதைக்கூடச் சொல்லவில்லை.